பினாங்குக் கல்லறைத் தோட்டத்தில் பானர்மேன்

பினாங்கு மாநிலத்தின் ஜோர்ஜ்டவுன் நகரில், சுல்தான் அகமது ஷா சாலையோரம் பழைய புராட்டஸ்தாந்துக் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. மூத்த பினாங்குவாசிகளுக்கு அது இன்னும் நார்தாம் ரோடு கல்லறைதான். பிரான்சிஸ் லைட் இத்தீவில் கம்பெனிக் கொடியை ஏற்றிய 1786-ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றிய இத்தோட்டத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியோடு அடக்கம் செய்வது நின்றுபோனது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய கல்லறைகள், கருத்துப்போன கூர்ந்தூண்கள், அவற்றுக்கிடையே கள்ளிமந்தாரை மரங்கள். இந்த மரத்தைத்தான் மலாய்க்காரர்கள் கெம்போஜா என்கிறார்கள்.

அங்கே அடங்கியிருப்பவர்களுள் தமிழ் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய சிலரை அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். சிலர் என்று சொன்னாலும், உண்மையில் இது ஒருவரைப் பற்றிய கட்டுரையே. அவருடைய பெயரை நாம் அனைவரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். அவர் நம் நாட்டு மண்ணில்தான் கிடக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

இத்தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்கு என் ஊரும் ஒரு காரணம். நான் கேமரன் மலை, கம்போங் ராஜாவைச் சேர்ந்தவள். தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களைத் தாண்டி வடக்கே கடைசியாக வரும் சிற்றூர் அது. எங்கள் மலையின் வரலாற்றை எந்தச் சுற்றுலாக் கையேட்டில் படித்தாலும் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். ஒன்று, 1885-இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரன். மற்றொன்று, 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜே.ஏ. ரஸ்ஸல். காட்டை வெட்டி, சரிவுகளில் வரிசை பிடித்துத் தேயிலைக் கன்று நட்ட தமிழர்களின் பெயர்கள் செக்ரோலில் மட்டுமே இருந்தன. செக்ரோல் புத்தகங்கள் போனதும் பெயர்களும் போயின. தோட்டத்து இடுகாட்டில் மண்மேட்டின் தலைமாட்டில் நடும் பலகையை எங்கள் ஊர் மழை சில ஆண்டுகள்கூட விட்டுவைப்பதில்லை. ஆகவே, யாருடைய பெயர் கல்லில் வெட்டப்பட்டது, யாருடைய பெயர் வெட்டப்படவில்லை என்ற கேள்வி எனக்கு நூல்களிலிருந்து வந்த கேள்வியன்று.

சிம்பாங் பூலாய் சாலை திறக்கப்பட்ட பிறகு கம்போங் ராஜாவிலிருந்து நேரே ஈப்போவுக்கு இறங்கி வடக்கு நோக்கிப் போய்விடலாம். சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் அவ்வழியாகத்தான் தோழியர் இருவருடன் பினாங்கு சென்றேன்.

தோட்டத்தில் இருப்பவர்கள்

முதலில் பிரான்சிஸ் லைட். 1794 அக்டோபர் 21-ஆம் நாள் மலேரியாவினால் இறந்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் அவருக்குச் சிலை உண்டு. லைட்டின் உருவப்படம் எதுவும் கிடைக்காததால், அவருடைய மகன் வில்லியம் லைட்டின் முகத்தை வைத்து அச்சிலையைச் செய்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. எனவே லைட்டைப் பார்க்க விரும்புவோர் சிலைக்குப் போவதைவிடக் கல்லறைக்குப் போவதே பொருத்தம்! நமக்கு அவர் முக்கியமானவர் வேறொரு காரணத்தால். இறந்த அதே ஆண்டில் அவர் எழுதி வைத்த குறிப்பில், சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து வந்த 'சூலியர்' ஏறத்தாழ ஆயிரம் பேர் பினாங்கில் கடைக்காரர்களாகவும் கூலிகளாகவும் இருப்பதாகக் கூறுகிறார். ஆண்டுதோறும் கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து உழைத்துப் பொருளீட்டித் திரும்புவதையும் குறிப்பிடுகிறார். மலேசியத் தமிழர் வரலாற்றை இரப்பர் மரத்தடியிலிருந்து தொடங்குவோர் இக்குறிப்பை ஒருமுறை படிக்க வேண்டும். ரஸ்ஸல் எங்கள் மலைக்கு வருவதற்கு 135 ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது.

1805-இல் பினாங்கு, வங்காளம், சென்னை, பம்பாய் ஆகியவற்றுக்கு இணையான தனி மாகாணமாக உயர்த்தப்பட்டது. முதல் ஆளுநர் பிலிப் டண்டஸ் 1807-இல் இறந்து இங்கேயே அடக்கமானார். பின்னர் ஆளுநரான வில்லியம் பெட்ரியும் 1816-இல் இங்கேயே அடங்கினார். இந்தப் பெட்ரி சென்னையிலிருந்து வந்தவர். 1786-இல் எழும்பூரில் தம் வீட்டிலேயே சொந்தச் செலவில் வானாய்வுக் கூடம் அமைத்தவர். அக்கருவிகளைக் கொண்டுதான் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வுக் கூடத்தைக் கட்டியது. அங்கே நாட்டப்பட்ட கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கோடைக்கானல் வானாய்வுக் கூடம் அதன் வழிவந்ததே. பினாங்கில் அவரைத் தேடி வருபவர் எவரையும் நான் காணவில்லை.

பினாங்கு பிரீ ஸ்கூலை 1816-இல் தொடங்கிய பாதிரியார் ஹட்சிங்ஸும் இங்கேதான். இன வேறுபாடு பாராது பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. 'இந்தோனேசியா' என்ற சொல்லை 1850-இல் ஆளத் தொடங்கிய ஜே.ஆர். லோகன், அதன் முந்திய வடிவத்தை உருவாக்கிய ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் ஆகிய இருவரும் ஒரே தோட்டத்தில் இருக்கிறார்கள். ஒரு நாட்டின் பெயர் அந்நாட்டுக்கு வெளியே ஓர் இடுகாட்டில் உறங்குகிறது என்று என் தோழி சொன்னாள். சயாம் அரசவையில் ஆசிரியையாக இருந்த ஆன்னாவின் கணவர் தாமஸ் லியோனோவென்ஸின் கல்லறையைத் தேடித்தான் வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் வருகிறார்கள். திரைப்படத்தின் வலிமை அப்படிப்பட்டது.

நம்முடைய திரைப்படம் ஒன்றின் பாத்திரமும் அங்கே இருக்கிறது.

மேஜர் பானர்மேன், ஆளுநர் பானர்மேன்

1959-இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைப் பார்க்காத தோட்டம் நம் நாட்டில் இருந்திருக்காது. திருவிழாக் காலத்தில் கோயில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் போட்ட படங்களுள் அதுவும் ஒன்று என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஜாக்சன் துரையிடம் சிவாஜி கணேசன் பேசும் வசனத்தை ஒப்பிக்காத தமிழ்ப்பள்ளி மாறுவேடப் போட்டியும் இல்லை. ஆனால் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவர் ஜாக்சன் அல்லர். அவர் மேஜர் பானர்மேன். படத்தில் ஜாவர் சீதாராமன் அவ்வேடத்தில் நடித்தார்.

வரலாற்று நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகக் காண்போம். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் ஆட்சியர் ஜாக்சனுக்கும் கட்டபொம்மனுக்கும் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. ஜாக்சனுக்குப் பின் லூசிங்டன் ஆட்சியரானார். பாளையக்காரர்களை அடக்க 1799-இல் படை புறப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கிய பானர்மேன் செப்டம்பர் 5-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதல் தோற்றது. கூடுதல் படை வந்துசேர்வதற்குள் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். பின்னர்ப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் எல்லைக்குள் பிடிபட்டுக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்கள் அனைவரையும் கூட்டி வைத்து, அவர்கள் கண்முன்னே விசாரணை நடத்தி, அன்றே தூக்கிலிட்டார் பானர்மேன். பிறருக்குப் பாடமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

அடுத்து அவர் சென்னைக்கு அனுப்பிய அறிக்கை நம் ஆய்வுக்கு மிக முக்கியமானது. கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் அதன் செய்திகள் இடம்பெற்றுள்ளன. விசாரணை முழுவதும் கட்டபொம்மன் அஞ்சாமலும் அலட்சியமாகவும் நின்றார் என்று பானர்மேன் எழுதுகிறார். தம்மைப் பிடிக்க முனைப்புக் காட்டிய எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் வெறுப்போடு பார்த்தார். தூக்குமரத்தை நோக்கித் துணிவோடு நடந்தார். போகும் வழியில் வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டார். மரத்தடியில் நின்று, கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்தபடியே செத்திருக்கலாம் என்று வருந்தினார். இவை அனைத்தும் தூக்கிலிட ஆணையிட்டவரின் எழுத்து.

திரைப்படம் மிகைப்படுத்தியது, கட்டபொம்மன் வெறும் வரி கட்டாத பாளையக்காரன் என்று வாதிடுவோர் உண்டு. கட்டபொம்மனின் ஆட்சி பற்றியும், கோட்டையைச் சுற்றியிருந்த ஊர்களோடு அவருக்கிருந்த பகைகள் பற்றியும் விவாதிக்க இடம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய இறுதி நேரத் துணிவைப் பற்றி விவாதிக்க இடமில்லை. அதற்குச் சாட்சி சொன்னவர் பகைவர். அப்பகைவர்தான் பினாங்கில் படுத்திருக்கிறார்.

தமிழில் வந்த கட்டபொம்மன் வரலாறுகள் பெரும்பாலும் பானர்மேனைக் கயத்தாற்றோடு விட்டுவிடுகின்றன. 1801-இல் நடந்த இரண்டாம் போரைக் கர்னல் அக்னியூ நடத்தியதால் பானர்மேனின் பெயருக்கு அங்கே வேலையில்லை. மறுபுறம், பினாங்கைப் பற்றிய ஆங்கில நூல்கள் 1817-இல் பதவியேற்ற ஆளுநர் பானர்மேனை ராஃபிள்ஸின் எதிரியாக மட்டுமே அறிமுகப்படுத்துகின்றன. இரண்டு வாசகர் கூட்டமும் ஒரே மனிதரின் பாதிப் பாதியைப் படித்துவருகிறது. ஜான் அலெக்சாண்டர் பானர்மேன் 1759-இல் பிறந்து சென்னைப் படையில் சேர்ந்தவர். பாளையக்காரர் போருக்குப் பின் இங்கிலாந்து திரும்பிக் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவரானார். பிறகு ஆளுநராகப் பினாங்கு வந்தார்.

1819-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கொடி நாட்டியபோது, பினாங்கின் வணிகம் கெடும், டச்சுக்காரருடன் சண்டை வரும் என்று அவர் கடுமையாக எதிர்த்தார். சிங்கப்பூரிலிருந்த ஃபார்குவார் படையுதவி கேட்டபோது அனுப்ப மறுத்து, இடத்தைக் காலி செய்யுமாறு யோசனை கூறினார். கல்கத்தாவிலிருந்து இதற்காகக் கண்டனமும் வாங்கினார். அவர் பேச்சு எடுபட்டிருந்தால் இன்று சிங்கப்பூர் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் வாந்திபேதி நோயால் இறந்தார். 1817-இல் வங்காளத்தில் கிளம்பிய அந்நோய் கப்பல் வழியே துறைமுகம் துறைமுகமாகப் பரவிய காலம் அது. கயத்தாற்றுத் தூக்குமரத்துக்கும் நார்தாம் ரோடு கல்லறைக்கும் இடையே இருபது ஆண்டுகள்கூட இல்லை.

பெயர் வெட்டப்படாதவர்கள்

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களில் எழுப்பினார்கள். மே மாதம் கோட்டை விழுந்ததும் அவர் சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரர்களிடம் அடைக்கலம் புகுந்தார். அடைக்கலம் கொடுத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை நாம் அறிந்ததே. 1801 அக்டோபர் 24-ஆம் நாள் பெரிய மருதுவும் சின்ன மருதுவும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரை நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

தூக்கிலிடப்படாமல் எஞ்சிய கிளர்ச்சியாளர் எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடித் துறையிலிருந்து 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பலில் ஏற்றப்பட்டனர். கப்பல் சென்ற இடம் வேல்ஸ் இளவரசர் தீவு. அன்றைய பினாங்கின் பெயர் அதுவே. நாடு கடத்தப்பட்டவர்களுள் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன். வயது பதினைந்து.

கைதிகளைக் கப்பலேறும் வரை காவல் காத்த அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். போருக்கு முந்திய ஆண்டுகளில் சின்ன மருதுவிடம் நட்புடன் பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே என்று நன்றியோடு எழுதியவர். அதே சின்ன மருதுவை வேட்டையாடிய படையிலும் அவர் இருந்தார். துரைசாமியைத் தம் காவலில் வைத்திருந்த நாள்களில் அச்சிறுவன்மீது அவருக்கு இரக்கம் பிறந்தது. 1830-இல் இலண்டனில் வெளிவந்த தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில் இவற்றைப் பதிவு செய்துள்ளார்.

அந்நூலில் பினாங்கு பற்றி ஓர் இடம் உண்டு. 1818-இல் வெல்ஷ் பினாங்குக்கு வந்திருந்தபோது தளர்ந்துபோன ஒரு முதியவர் அவரைத் தேடி வந்தார். யாரென்று வெல்ஷுக்குத் தெரியவில்லை. பெயரைக் கேட்டார். துரைசாமி என்று பதில் வந்தது. பதினைந்து வயதில் கப்பலேறியவனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயதளவே இருந்திருக்கும். முப்பத்திரண்டு வயதினரை முதியவர் என்று எண்ணும்படி இத்தீவு அவரை ஆக்கியிருந்தது. அப்பெயரைக் கேட்டதும் நெஞ்சில் குத்துண்டதுபோல் ஆனதாக வெல்ஷ் எழுதுகிறார்.

இந்தப் பக்கத்தைத் தமிழ் ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். நான் இதனுடன் சேர்க்க விரும்புவது ஆண்டுக் கணக்கு ஒன்றை மட்டுமே. துரைசாமி வெல்ஷின் முன்னால் வந்து நின்ற 1818-இல் பினாங்கின் ஆளுநர் பானர்மேன். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவரும், கட்டபொம்மனின் தம்பிக்கு இடங்கொடுத்தவரின் மகனும் கடல் கடந்து வந்து ஒரே சிறு தீவில் இருந்தார்கள். ஒருவர் ஆளுநராக, மற்றவர் நாடு கடத்தப்பட்டவராக.

அதே 1818-இல்தான் ஜோர்ஜ்டவுனில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எழும்பியது. வெண்தூண்களுடன் இன்றும் நிற்கும் அக்கட்டடம் கைதிகளின் உழைப்பால் கட்டப்பட்டது. இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து சாலை போடவும் சதுப்பு நிலம் தூர்க்கவும் கட்டடம் எழுப்பவும் பயன்படுத்துவது அப்போது கம்பெனியின் வழக்கம். அங்கு நடந்த முதல் திருமணம் 1818 ஜூன் 30-ஆம் நாள் நடந்தது. மணமகள் பானர்மேனின் மகள் ஜேனட். மணமகன் பிலிப்ஸ் என்ற உயர் அதிகாரி. மாமனார் இறந்ததும் ஆளுநர் பொறுப்பு அந்த மருமகனிடமே சென்றது. 1819 மே மாதம் கல்கத்தா பேராயர் மிடில்டன் வந்து கோயிலை அர்ப்பணம் செய்தார். மூன்று மாதம் கழித்துப் பானர்மேனைக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள்.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் தமிழக அரசு நினைவுக் கோட்டை கட்டியது. கயத்தாற்றில் சிவாஜி கணேசன் தம் பணத்தில் நிலம் வாங்கிக் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார். திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்கு நினைவிடம் உள்ளது. பினாங்கில் நார்தாம் ரோட்டில் பானர்மேன் இருக்கிறார். 'அட்மிரல் நெல்சன்' கப்பலில் வந்தவர்களின் பெயர் அத்தோட்டத்தின் எந்தக் கல்லிலும் இருக்க வழியில்லை. அவர்கள் அந்தச் சமயத்தினரும் அல்லர். அந்தத் தகுதியில் வைக்கப்பட்டவர்களும் அல்லர்.

பானர்மேன்மீது சினம் கொண்டு அக்கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தோட்டத்தை நன்கு பாதுகாக்க வேண்டும் என்பதே என் கருத்து. அக்கல் இல்லாவிட்டால், கட்டபொம்மன் கதை நம் நாட்டோடு தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்றைக் கையால் தொட்டுக் காட்ட முடியாமல் போகும். துரைசாமியைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கும் பினாங்கில் இப்போது நமக்கு இருக்கும் கல் பானர்மேனுடையதுதான். இது கசப்பாக இருக்கலாம். ஆனால் வரலாறு படிப்பவருக்குப் பயன்படும் கசப்பு.

பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் கார்ன்வாலிஸ் கோட்டையில் நின்று, லைட் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு, நேரே பினாங்கு மலைக்குப் போய்விடுகின்றன. கல்லறைத் தோட்டம் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஈ அண்ட் ஓ விடுதிக்குச் சற்று அப்பால் இருக்கிறது. செல்லும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள். காலை வெயில் சாய்வாக விழும்போது தேய்ந்த எழுத்துகள் தெளிவாகப் படும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. எழுத்தை எடுத்துக்காட்டச் சுண்ணக்கட்டியால் தேய்க்கக் கூடாது, கல் கெட்டுவிடும். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு ஆகியவற்றுடன், அக்கல்லை நாட்டியவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பல நேரங்களில் இறந்தவரைவிட நாட்டியவரைப் பற்றியே கல் அதிகம் சொல்லும்.

கம்போங் ராஜா திரும்பிய பின் நாங்கள் மூவரும் எங்கள் பகுதித் தோட்ட இடுகாட்டுக்கும் அதே குறிப்பேட்டைக் கொண்டு சென்றோம். படிக்க எழுத்து எதுவும் இல்லாததால், மேடுகளை வரிசையாகப் படம் வரைந்து எண்ணிட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் உரியவர் யார் என்று ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவருகிறோம். முதலில் ஊரையும் கப்பலையும் சொல்கிறார்கள். பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது.